பட்டம் வாங்கிய கையோடு பலகை மாட்டிவிடாதே, செல்வி

சென்னை
டிசம்பர் 2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நலம். அப்பாவுக்குச் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய்; படித்ததும் பெரிய நிம்மதி. தமிழரசி டீச்சர் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார் என்ற செய்தியை மட்டும் மனம் ஏற்க மறுக்கிறது. வழியனுப்பு விழாவுக்கு எப்படியும் வந்துவிடுவேன், இடம் போட்டு வை. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கத்தைப் புறாக் கதைக்கு ஒதுக்க உன் ஒருத்தியால்தான் முடியும். மகேசுக்குப் படித்துக் காட்டினேன். விடுதியே அதிரும்படி சிரித்தாள்.

ஆனால் அந்த நான்காவது பக்கம் என்னைச் சிரிக்க விடவில்லை. ஏப்ரலில் இளநிலை உளவியலின் கடைசிப் பருவத் தேர்வு முடிந்ததும் இணையவழியில் மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு, ஆவணி பிறப்பதற்குள் தென்காசியில் சித்தப்பா கடையின் மாடி அறையில் மனநல ஆலோசனை மையம் தொடங்கப்போவதாகவும், பலகைக்குப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். செல்வி, இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றித்தான். கோபப்படாமல் கடைசி வரை படி.

இந்த முடிவுக்கு நீ வந்த காரணம் எனக்குப் புரியாமலில்லை. வீட்டில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. உளவியல் படிப்பது என்பதுதான் முதலாம் ஆண்டிலிருந்தே உன் திட்டம். உளவியல் உள்ளிட்ட சுகாதாரத் துறை சார்ந்த பாடங்களை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு ஆகஸ்டில் அறிவித்தபோது, முதலில் உன் முகம்தான் என் நினைவுக்கு வந்தது. வீட்டை விட்டு நகர முடியாத எத்தனையோ பெண்களுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. நேரடிப் படிப்புக்கான இடங்களைப் பெருக்கிவிட்டு அந்தக் கதவை மூடியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆயினும், மனிதர்களோடு உட்கார்ந்து பழகவேண்டிய ஒரு தொழிலை அஞ்சலில் வரும் பாடப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கற்க முடியாது என்ற அடிப்படை நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை. இந்தப் பருவத்தில் நடந்த ஒன்று அதை எனக்குக் கண்ணெதிரே காட்டிவிட்டது.

ஆண்டின் கடைசியில் கல்லூரி எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியாததா? ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கத் துறை வாசலில் வரிசை நிற்கிறது. நீளத்தில் கண்ணை ஏமாற்றும் முல்லர்-லயர் கோடுகளை வரைந்து வரைந்து கண் வலிக்கிறது. ப்ராஜெக்டுக்குத் தரவு கேட்டு ஒவ்வொரு வாட்ஸப் குழுவிலும் கூகுள் ஃபார்ம் வந்து விழுகிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் தலைப்பு சமூக ஊடகமும் தன்மதிப்பும்தான். தன்மதிப்பை அளக்கும் ரோசன்பர்க் அளவுகோலின் பத்து வாக்கியங்களுக்கும் ஒருவருக்கொருவர் பதில் நிரப்பிக் கொடுத்துக் கொள்கிறார்கள். எங்கள் வழிகாட்டிப் பேராசிரியை என்னை அப்படிச் செய்ய விடவில்லை. தையற்கூடத்தில் வேலை செய்யும் பெண்களின் மன அழுத்தத்தைப் பற்றித்தானே எழுதுகிறாய், அங்கேயே போய் நேரில் கேள் என்று சொல்லி, அவரும் உடன் வந்தார்.

அங்கே ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மாவிடம், கடந்த ஒரு மாதத்தில் முக்கியமான விஷயங்கள் உங்கள் கையை மீறிப் போவதாக எத்தனை முறை தோன்றியது என்று கேட்டேன். ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து மிக அடிக்கடி என்பது வரை ஐந்து விடைகளில் ஒன்றைத்தான் அவர் சொல்ல வேண்டும். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டை விட்டுப் போன மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் சொன்னவற்றில் எந்த எண்ணை வட்டமிடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "நான் இருந்து யாருக்கு என்ன லாபம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த பேராசிரியையை உடனே அழைத்தேன்.

அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த அம்மாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல், செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டார். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று ஊரில் நம்புகிறார்களே, அது உண்மையில்லை என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அதை ஒருவர் வாய் திறந்து கேட்பதை அன்றுதான் பார்த்தேன். எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா, வீட்டில் மாத்திரை இருக்கிறதா, இரவில் யார் கூட இருப்பார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டார். இதை நான் உங்கள் தங்கையிடம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் உயிர் முக்கியம் என்று அவரிடமே சொல்லிவிட்டுத்தான் தங்கையை அழைத்தார். அன்றிரவு தங்கை துணைக்கு இருந்தார். மாத்திரைகள் அவர் கைக்குப் போயின. மறுநாள் காலையில் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தவற்றில் தைராய்டு பரிசோதனையும் ஒன்று. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மந்தம், எதிலும் நாட்டமின்மை என்று மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தேர்வில் இருவருமே எழுதியிருக்கிறோம். ஆனால் நான் தனியாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வந்திருக்காது.

இப்போது அதே அம்மா உன் சித்தப்பா கடையின் மாடிப்படி ஏறி வருவதாக நினைத்துப் பார். உனக்குப் பக்கத்து அறையில் யார் இருப்பார்கள்?

என் கவலை இது ஒன்றுதான். நீ கெட்டிக்காரி, உன்னிடம் பேசினாலே பாதி பாரம் இறங்கிவிடும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் தேர்வுப் பயத்தோடு வரும் பிள்ளைகளாக இருக்கமாட்டார்கள். காதில் குரல் கேட்பவர் வருவார். அடிபட்ட காயத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஒருத்தி வருவாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள் என்று கேட்டுவிட்டுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி வாய் திறப்பாள். எந்த ரகசியத்தைக் காக்க வேண்டும், எதைக் காக்கக் கூடாது, யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில், நாம் செய்வதை அவர் பார்த்துத் திருத்தத் திருத்தத்தான் கற்றுக்கொள்ள முடியும். மூன்று மாதக் காணொளிப் பாடத்தில் அந்த ஒன்றுதான் இல்லை.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தகுதி இல்லாமல் யாரும் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தத் தகுதியை வரையறுத்தே வைத்திருக்கிறது. 2021-இல் வந்த சட்டமோ மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மருத்துவ உளவியலாளர் ஆக நம் சீனியர்கள் முதுகலைக்குப் பிறகு போன எம்.ஃபில். வழியும் மாறுகிறது. புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில்லை நிறுத்திய பிறகும், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கை நடத்த அனுமதி தந்திருந்தார்கள். நாம் முதுகலை முடித்து வெளியே வருவது 2028-இல். அப்போது எந்தப் பெயரில் எந்தப் படிப்பு இருந்தாலும், நேரடி முதுகலைப் பட்டமும் நல்ல மதிப்பெண்ணும் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள் என்பது என் கணிப்பு. ஆகவே இந்த இரண்டு ஆண்டுகளைத் தவிர்க்கும் குறுக்கு வழி எதையும் தேடாதே.

முதுகலைச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் பி.ஜி.க்கு விண்ணப்பித்துவிடு. டிசம்பர், ஜனவரியை ஒட்டித் திறக்கும் விண்ணப்பம் சில வாரங்களில் மூடிவிடும். கடந்த இரண்டு ஆண்டுகளும் தேர்வு மார்ச்சில் நடந்தது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் பயன்பாட்டு உளவியல் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்க்கை க்யூட் வழியாகத்தான். திருவாரூர் என்றால் சென்னையைவிட ஊருக்குப் பக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. 1943-இல் தொடங்கிய அந்தத் துறையில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை, அதை உன் மேல் திணிக்கமாட்டேன்.

க்யூட் தேர்வு பெரிய பூதமெல்லாம் இல்லை. 75 கேள்விகள், 90 நிமிடங்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று போகும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். தமிழ் வழியில் படித்து வந்த நமக்கு வேகமாக வாசிக்கும் பழக்கம் வேண்டும். எல்லோரும் கோட்டை விடுவது புள்ளியியலிலும் ஆய்வு முறையிலும்தான், அது இரண்டும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. திட்ட விலக்கத்தை மனக்கணக்காகவே போட்டு வகுப்பை வாயடைக்க வைத்தவள் நீ. ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வோம். இரவில் அரை மணி நேரம் நீ எனக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடு. ஜெர்மனியின் லைப்சிக்கில் 1879-இல் வுண்ட் உளவியல் ஆய்வகம் திறந்ததிலிருந்து கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கியது வரை வரலாற்றை நான் உனக்குச் சொல்கிறேன். மகேசும் சேர்ந்துகொள்வாள், கேட்டுவிட்டேன்.

சில இடங்களில் நேர்காணலோ நோக்க அறிக்கையோ கேட்பார்கள். ஏன் உளவியல் என்று கேட்டால், சிறு வயதிலிருந்தே எல்லோர் கஷ்டத்தையும் கேட்பேன், உலகத்துக்கு உதவப் பிறந்தேன் என்று எழுதிவிடாதே. அமெரிக்க முதுகலைத் துறைகளில் மாணவர் சேர்க்கையைக் கவனிப்பவர்களிடம், ஒரு விண்ணப்பத்தைக் கெடுப்பது எது என்று கேட்டு ட்ரூ ஆப்பிள்பியும் கேரன் ஆப்பிள்பியும் 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சொந்த மனத்துயரத்தை அளவுக்கு மீறிக் கொட்டுவது, அளவு கடந்த தியாக உணர்வு, அந்தத் துறையைப் பற்றி எதுவுமே தெரியாமல் விண்ணப்பிப்பது, கவனமில்லாத எழுத்து, நம்மைச் சரியாக அறியாதவரிடம் வாங்கிய பரிந்துரைக் கடிதம் என்று அவர்கள் சொன்னவை எல்லாம் நம்மூருக்கும் அப்படியே பொருந்தும். நீ மாவட்ட அரசு மருத்துவமனையில் பயிற்சிக்குப் போனபோது பார்த்ததை எழுது. ஓ.பி. சீட்டுடன் காலையிலிருந்து காத்திருந்த அந்தத் தாத்தாவையும் பேரனையும் பற்றி நீ எனக்கு எழுதியது போலவே, பூச்சு இல்லாமல் எழுது. பரிந்துரைக் கடிதத்தைத் துறைத்தலைவரிடம் கேட்காதே. உன் ப்ராஜெக்டை வரி வரியாகத் திருத்திய அந்த மேடத்திடம் கேள், இப்போதே கேள்.

தென்காசியில் ஒரு மையம் வேண்டும் என்று நீ நினைப்பது சரி, நூறு சதவீதம் சரி. 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகச் சொன்னது. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நம் தென்மாவட்டத்துக் கதை அது, நாம் அப்போது பிறக்கவில்லை. அந்த வரலாற்றைப் படித்துத்தான் இந்தப் பாடத்தை எடுத்தேன் என்று முதலாம் ஆண்டில் நீ சொன்னாய். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். சென்னையில் தெருவில் கைவிடப்பட்ட மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு தோழிகள் சேர்ந்துதான் பான்யன் அமைப்பைத் தொடங்கினார்கள். நாமும் இரண்டு பேர் இருக்கிறோம். படித்து முடித்து, பயிற்சியும் முடித்து வந்து அந்த மாடி அறையைத் திற. நானும் வருகிறேன், வாடகையில் பாதி என்னுடையது. பலகை பச்சையாகவே இருக்கட்டும்.

பணம் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாததாலேயே அதுதான் காரணம் என்று எனக்குத் தெரிகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரம் ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும். அப்பாவின் மருத்துவச் செலவு வேறு. தனியார் கல்லூரிகளின் கட்டணத்தைப் பார்த்து மலைத்துவிடாதே. மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அரசுப் பல்கலைக்கழகத்திலும் கட்டணம் அதைவிட மிகக் குறைவு. விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். விண்ணப்பக் கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். முறைப்புக் காட்டாதே, ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவுக்கு நீ எனக்குக் கட்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

ஐந்து பருவ மதிப்பெண் பட்டியல்களில் கைக்கு வந்தவற்றையும், சாதிச் சான்றிதழையும், புகைப்படத்தையும் தெளிவாக ஸ்கேன் செய்து இந்த வாரமே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு அழைக்கிறேன். அப்பாவையும் சித்தப்பாவையும் பக்கத்தில் இருக்கச் சொல். கட்டணக் கணக்கை நானே அவர்களிடம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
இசக்கி