வலது கன்னத்தில் மட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காதோரத்தில் அரிப்பும் தடிப்பும் வந்து, சோப்பை மாற்றியும் தீரவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

மகளுக்கு ஆறு மாதமாக வலது கன்னத்தில் மட்டும் பரு வந்துகொண்டே இருந்தது. வேர்க்கடலையை நிறுத்தினேன், வறுவலை நிறுத்தினேன். பாவம், சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டதே, "எந்தக் காதில் வைத்துப் போன் பேசுவாய்?" என்பதுதான். கைப்பேசி படுகிற இடத்தில் மட்டுமே பரு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பெற்றவள் கண்ணுக்கு அது இத்தனை நாள் படாமல் போயிற்றே என்று இன்னும் மனம் வருந்துகிறது.

கிருமிதான் காரணம் என்று நினைத்தேன். அது மட்டுமல்ல என்றார். மணிக்கணக்கில் பேசும்போது சூடேறிய கண்ணாடி கன்னத்தை அழுத்தி உரச, வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தங்கி மயிர்க்கால்களின் வாய் அடைபட்டுப் பருவாக வீங்குகிறதாம். ஹெல்மெட் பட்டை படும் தாடையில் வருவதும் இதே வகைதான். வீட்டுக்கு வந்து கைப்பேசி உறையைக் கழற்றினேன்; ஓரமெல்லாம் பவுடரும் வியர்வையும் சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காகப் படிந்திருந்தது. இப்போது உறையைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி மாட்டுகிறாள். திரையை, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்துணியை லேசாக நனைத்துத் துடைக்கிறாள். பேச்சு முழுவதும் இயர்போனில். மருத்துவர் தந்த களிம்பும் சேர்ந்து பரு அடங்கிவிட்டது, தழும்பின் கருமை மட்டும் மிச்சம்.

ஆனால் உன் தொல்லை வேறு வகையோ என்று சந்தேகப்படுகிறேன். கல்லூரி விடுதியில் கவரிங் தோடு போட்ட மறுநாளே உன் காது மடல் நீர் கசிந்து புண்ணானது நினைவிருக்கிறதா? அப்படிப் புண்ணாவதற்குப் பெரும்பாலும் கவரிங் நகையில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமைதான் காரணம். 2008இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 கைப்பேசிகளைச் சோதித்ததில் 10இல் நிக்கல் இருந்தது. வியர்வை பட்டால் உலோகத்திலிருந்து அது கசிந்து தோலில் இறங்கும். என்னதான் துடைத்தாலும் போகாது. ஆகையால் உலோக விளிம்பு முகத்தில் படாதபடி முழு உறை போட்டுக்கொள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்யச் சொல். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி, தோல் தடிக்கிறதா என்று இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். அதுவரை மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு எதையும் வாங்கிப் பூசிவிடாதே, முகத்தோல் மெலிந்துபோகும்.

சோதனையில் என்ன தெரிந்தது என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி