சோடி என்று அனுப்பிய கிரேபிஷ் பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். தைப்பொங்கல் கழிந்த கிழமை உங்கள் ஒன்லைன் கடையில் "ஆரஞ்சுக் குட்டிக் கிரேபிஷ், ஆண் பெண் சோடி" என்று, கொடுக்கு வைத்த இறால் மாதிரியான அந்த நன்னீர்ப் பிராணியைப் போட்டிருந்ததைப் பார்த்து 5,000 ரூபாவும், கூரியருக்கு 850 ரூபாவும் கட்டி எடுத்தேன். இதைக் காசு திருப்பிக் கேட்கிற கடிதம் என்று நினைத்துப் பாதியில் மூடிவிடாதீர்கள். காசுக் கதை கடைசியில்தான் வரும். உங்கள் வட்ஸ்அப்பில் பதில் எழுதுகிற தம்பி போன கிழமை எனக்கு எழுதிய ஒரே ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று, நான் இதற்குப் புதுசு இல்லை. மூன்று வருடமாக இரண்டடித் தொட்டியில் செர்ரி என்கிற சின்னச் சிவப்பு இறால் வளர்க்கிறேன். பத்து வாங்கித் தொடங்கியது நூற்றைம்பதுக்கு மேல் போனது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். மென்மையான தண்ணீர் கேட்கிற கிறிஸ்டல் இறால் அதில் நிற்காது என்பதை ஆறு இறாலைச் சாகக் கொடுத்துத்தான் படித்தேன். ஆனால் செர்ரிக்கு எங்கள் தண்ணீரே போதும், ஓடு கட்டுவதற்கான கல்சியம் அதிலேயே கிடக்கிறது. தாய் இருபது முப்பது முட்டையை வயிற்றடியில் வைத்து ஒரு மாத அளவில் விசிறிக்கொண்டே திரியும், பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் பாசியின் மேல் நுளம்பை விடச் சின்னதாக, ஆனால் கால் மீசை எல்லாம் வைத்த முழு இறாலாகவே குஞ்சுகள் நிற்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் 31 பாகைக்கு ஏறினால் போத்தலில் ஐஸ் கட்டி மிதக்கவிடுவேன். கறிக்கும் உதவாத இறாலுக்கு ஏசி போடுகிறாள் என்று அம்மாவுக்கு ஒரே நக்கல்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், வாங்குவதற்கு முன்னமே நான் கேட்டேன், "செர்ரியோடு விடலாமா தம்பி?" என்று. "ஓம் அக்கா, 5 சென்ரிமீற்றருக்கு மேல வளராது, நல்ல சாது" என்று பதில் வந்தது. அந்த ஸ்கிரீன்ஷொட் என் போனில் இருக்கிறது. அவர் சொன்னது மெக்சிக்கோவின் பாற்ஸ்குவாரோ ஏரியைச் சேர்ந்த குட்டி இனத்துக்குச் சரிதான், இறால் குஞ்சு ஒன்றிரண்டு போனாலும் பெரிய சேதம் வராது. அந்த இனத்தை அனுப்பியிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

பொதி கட்டியதில் குறை சொல்ல மாட்டேன். ரெஜிபோம் பெட்டி, இரட்டைப் பை, இரவு முழுக்கப் பயணம் செய்தும் இரண்டும் உயிரோடு வந்தன. ஆனால் வந்தது ஆரஞ்சு இல்லை. விரல் நகமளவில் இரண்டு மண்ணிறக் குஞ்சுகள். கேட்டதற்கு "வளர வளர நிறம் வரும் அக்கா" என்றார்கள். வளர்ந்தது, நிறம் வரவில்லை. உடம்பு முழுக்கப் பளிங்குக் கல்லில் ஓடுகிற மாதிரி வரிகள் வந்தன, ஒடுங்கிய சின்னக் கொடுக்குகள் வந்தன.

மாசியில் ஒன்று, வளரும்போது மாற்றுகிற பழைய ஓட்டைக் கழற்ற முடியாமல், பாதி கழன்றபடியே செத்தது. அதில் உங்களைக் குற்றம் சொல்லவில்லை, எந்தத் தொட்டியிலும் நடக்கும். ஆனால் செத்ததைப் போன் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆண் என்றால் கடைசிக் கால்களுக்கு நடுவில் முன்பக்கம் மடிந்த இரண்டு சோடிக் குச்சிகள் இருக்க வேண்டும், இதில் இல்லை. சரி, அப்படியென்றால் மற்றது ஆண் என்று நினைத்து அது கழற்றிய ஓட்டை எடுத்துப் பார்த்தேன். அதுவும் பெண். சோடி என்று காசு வாங்கி இரண்டு பெண்ணை அனுப்பியிருக்கிறீர்கள்.

அதற்கிடையில் செர்ரி குறையத் தொடங்கியது. நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மீன் தொட்டிக்கு வாங்கிய மருந்தில் செம்பு கலந்திருக்குமோ, இறாலுக்குச் செம்பு விஷமாச்சே என்று மருந்தைத் தூக்கி எறிந்தேன், ஸ்பொஞ்ச் பில்டரை மாற்றினேன், தண்ணீரை மாற்றி மாற்றி இடுப்பு விட்டுப்போனது. ஒருநாள் இரவு கரண்ட் போன நேரம் டோர்ச் அடித்துப் பார்த்தால், முட்டை வைத்திருந்த என் நல்ல சிவப்புத் தாய் ஒன்று அதன் கொடுக்கில். அடுத்த நாள் எண்ணினேன், நாற்பது கூட இல்லை. சாதுவாம்.

அன்றே அதைத் தனியாக ஒரு பிளாஸ்ரிக் தொட்டிக்கு மாற்றினேன். அப்போதே 7 சென்ரிமீற்றர். ஓகஸ்ட் மாதம் அது முட்டை வைத்தது. தனியாக.

இங்கேதான் உங்கள் தம்பி "முந்தியே ஆணோட சேர்ந்திருக்கும் அக்கா" என்று எழுதினார். சில கிரேபிஷ் விந்தைச் சேர்த்து வைத்திருந்து பிறகு முட்டை இடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நகமளவு குஞ்சாக வந்தது எந்த ஆணோடு சேரும்? கூட வந்ததும் பெண், அதுவும் மாசியிலேயே செத்துவிட்டது. எப்போதும் ஆண் இல்லாமலே குஞ்சு போடுகிற கிரேபிஷ் என்று அறியப்பட்டது ஒன்றுதான், பளிங்குக் கிரேபிஷ். 1990களில் ஜெர்மனியில் மீன் தொட்டி வளர்ப்பவர்கள் மத்தியில் தலைகாட்டியது; ஆண் தேவையில்லாத இனம் என்று 2003இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். எல்லாம் பெண், எல்லாம் தாயின் அச்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இதை ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் போட்டு விற்பதையும் வளர்ப்பதையும் தடுத்தது. மடகஸ்காரில் 2007க்கும் 2017க்கும் இடையில் இது பரவிய பரப்பு நூறு மடங்கு கூடியது என்று 2018இல் ஆய்வு வந்திருக்கிறது. அங்கே வயலுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. ஒன்று தப்பினால் போதும், இரண்டு தேவையில்லை என்பதுதான் இதன் பிரச்சினை.

குஞ்சுகள் தாயை விட்டு இறங்கிய பிறகு எண்ணினேன். நூற்றுப் பத்து வரை எண்ணிக் கண் வலித்து விட்டுவிட்டேன். படத்தையும் அனுப்பி என்ன செய்வது என்று கேட்டதற்குத்தான் அந்த வசனம் வந்தது: "கூடினால் பக்கத்துக் குளத்தில விடுங்கோ அக்கா, பாவம், அதுகளும் வாழட்டும்."

உயிர் விற்கிற கடை எழுதுகிற பதிலா இது? யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. மாரி மழையைக் குளங்கள் பிடித்து நிலத்துக்குள் இறக்கினால்தான் கிணற்றில் தண்ணீர். இப்போது ஐப்பசி பிறக்கப் போகிறது, இன்னும் கொஞ்ச நாளில் வழுக்கியாறு ஓடும், குளம் நிரம்பி வாய்க்காலும் வயலும் ஒன்றாகும், அந்த நேரம் நடந்தே போகக்கூடிய, வளை தோண்டக்கூடிய ஒரு பிராணியைக் குளத்தில் விடச் சொல்கிறீர்கள். இந்த நாட்டில் இயற்கையாக ஒரு கிரேபிஷ் இனமும் இல்லை. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிப் பிறகு குளத்தில் எறிந்த மீன் இன்றைக்கு எத்தனை நீர்த்தேக்கங்களில் மீனவர் வலையைக் கிழிக்கிறது என்று மீன் கடை வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

நான் கேட்பது இதுதான். அதே தொகுதியில் வந்த குஞ்சுகளை வேறு யாருக்கெல்லாம் விற்றீர்கள் என்று பில்லைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்துச் சொல்லுங்கள், இது குட்டி இனம் இல்லை, வெளியில் விடாதீர்கள் என்று. எழுதிப் போட்டால் போதாது, கோல் எடுங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள், இறக்குமதிக் கடிதம் இருக்கிறதா என்பதை எனக்கு எழுத்தில் தாருங்கள், நான் அதோடு தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு (நெக்டா) எழுதப் போகிறேன். அந்தத் தம்பியைத் திட்டி வேலையை விட்டு அனுப்ப வேண்டாம், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லிக் கொடுங்கள். 5,850 ரூபாவும் திரும்ப வேண்டும், செத்த செர்ரிக்கு நான் விலை போடவில்லை. இரண்டு கிழமைக்குள் பதில் இல்லையென்றால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்துச் சொல்வேன், ஸ்கிரீன்ஷொட்டுகள் எல்லாம் ஒழுங்காக வைத்திருக்கிறேன்.

குஞ்சுகளைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். வழியில் இரணைமடுக் குளத்துப் பக்கம் ஒரு பெட்டி உடைந்தால் போதும். ஆள் அனுப்பி எடுங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். அதுவரை மூடி போட்டு, மேலே கல்லும் வைத்திருக்கிறேன். வரவில்லையென்றால் எல்லாவற்றையும் பிரீசரில் வைத்து முடிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை, அதை அம்மாவின் மீனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கிற சண்டை. வருகிறவர் பெரிய பெட்டியாகக் கொண்டு வரட்டும், நேற்றுப் பார்த்தேன், தாய் திரும்பவும் முட்டை வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
கொக்குவில் வாடிக்கையாளர்