கண்ணகி நகர்ச் சுவரோவியங்கள்: வரைவதற்கு முன் எங்களோடு நடக்கக் கோரி மனு

அனுப்புநர்
கண்ணகி நகர் குடியிருப்போர்,
ஒக்கியம் துரைப்பாக்கம், சென்னை 600097.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை 600003.

பொருள்: கண்ணகி நகரில் இனி வரையப்படும் சுவரோவியங்களுக்கு இடத்தையும் கருவையும் குடியிருப்போருடன் நடந்து தேர்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2020-இல் எங்கள் பிளாக்குகளின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தன. பொதுச் சுவர்களில் ஓவியம் தீட்டும் ஸ்டார்ட் (St+art) இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து செய்த வேலை அது. அதற்கு முன் எங்கள் ஊரின் பெயர் வெளியே அடிபட்டது பெரும்பாலும் குற்றச் செய்திகளில்தான். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் வேறு முகவரி எழுதிய காலமும் உண்டு. இப்போது சுவர்களைப் பார்ப்பதற்கென்றே கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. இந்த மனு இனி வரையப்போகும் சுவர்களைப் பற்றியது.

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தாமாக விரும்பி வந்தவர்கள் அல்லர். 2000 முதல், ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் பல மூலைகளிலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். வீடு மாறியது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

பிரான்ஸில் கி தெபோர் (Guy Debord) என்ற சிந்தனையாளர் 1955-இல் உளப்புவியியல் பற்றி எழுதினார். ஒரு தெருவும் ஒரு முக்கும் அங்கே நடப்பவரின் மனதை என்ன செய்கின்றன என்று ஆராய்வது அது. 1957-இல் பாரிஸ் வரைபடத்தைத் துண்டு துண்டாக வெட்டி, மனம் எங்கிருந்து எங்கே இழுபடுகிறது என்பதைச் சிவப்பு அம்புகளால் காட்டினார். எங்கள் பெண்கள் தங்கள் சென்னையை அப்படி வரைந்தால் ஒரு துண்டு கண்ணகி நகர். இன்னொன்று வீட்டு வேலைக்குப் போகும் மந்தைவெளி. மூன்றாவது, ஆடியில் இன்றும் கூழ் ஊற்றப் போகும் பழைய தெருவின் அம்மன் கோயில். நடுவில் எல்லாம் பஸ்தான். இந்த வரைபடம் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. எங்களோடு நடந்தால்தான் கிடைக்கும்.

ஆகவே, அடுத்த சுவரைத் தொடுவதற்கு முன் ஓவியர்களும் பொறியாளர்களும் எங்களோடு இங்கே நடக்க ஏற்பாடு செய்யுங்கள். பகலில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை. முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண்களும் கூட வருவார்கள். எந்தச் சந்தில் கால் தானாக வேகம் எடுக்கிறது, எந்தத் திண்ணையில் ஆள் நின்று பேசுகிறது, எங்கே பிள்ளைகள் கபடி ஆடுகின்றன என்று அவர்களே காட்டுவார்கள். பயந்து கடக்கும் சந்துக்கு ஓவியம் மட்டும் போதாது, விளக்கும் வேண்டும். இரண்டும் ஒரே மதிப்பீட்டில் சேர வேண்டும். நீர் கசியும் சுவரில் வண்ணம் நிற்காது, எனவே கசிவை முதலில் அடைக்க வேண்டும்.

என்ன வரைவது என்பதிலும் எங்களுக்கு ஆசை இருக்கிறது. விட்டு வந்த தெருக்களை வரையுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் அவற்றைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம், யார் வரைவது என்பது. கையால் சினிமா பேனர் எழுதிய ஓவியர்கள் இந்த நகரில் இன்னும் இருக்கிறார்கள். கட்டம் போட்டு நாற்பது அடி முகத்தைப் பிசகாமல் கொண்டுவரத் தெரிந்தவர்கள், பிளெக்ஸ் வந்ததும் வேலை இழந்தார்கள். அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர்களை நீக்கி ஓவியம் தீட்டியபோது மாநகராட்சி அவர்களைத்தான் பயன்படுத்தியது. இங்கும் அழையுங்கள். எங்கள் இளைஞர்களை அவர்களிடம் கூலியோடு உதவியாளர்களாகச் சேர்த்துவிட்டால் தொழிலும் கைமாறும்.

முதல் நடைக்கு ஒரு தேதி குறித்து, பொறுப்பு அலுவலர் ஒருவரையும் நியமித்து எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கண்ணகி நகர் குடியிருப்போர்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)