எதற்குப் பயம் என்று ஒரு தாளில் எழுது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

"பிரசவத்துக்குப் பயப்படாதே" என்று இந்தக் கடிதத்தில் சொல்லப் போவதில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிவிட்டார்கள், பயம் கூடியதுதான் மிச்சம் என்று நீயே போனில் சொன்னாய். லேபர் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் பயமில்லாமல் உள்ளே வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாவது பிள்ளைக்கு வந்தவர்களும் பயந்துதான் வந்தார்கள். அத்தனை பிரசவம் பார்த்த எனக்கே உன்னைப் பெறப் போனபோது கை சில்லிட்டுப் போனது.

பிரசவ பயம் என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பிரித்துப் பார். வலிக்குப் பயமா? தையல் போடுவார்களே என்றா? கடைசி நேரத்தில் சிசேரியன் என்றுவிடுவார்களோ என்றா? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றா? இல்லை, நாலு பேர் முன்னால் கத்திவிடுவோமோ என்ற கூச்சமா? (இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் நிறையப் பேருக்கு உண்டு.) ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. ஒரு தாளில் எழுதி அடுத்த செக்கப்புக்கு எடுத்துப் போ. டாக்டரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகும், அதற்குத்தான் தாள்.

வலி வரும். ஆனால் விடாமல் வலித்துக்கொண்டே இருக்காது. ஒரு வலி ஏறி, உச்சிக்குப் போய், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். பிறகு இடைவெளி. முதலில் நீளமாக இருக்கும், போகப் போகக் குறையும். வயிற்றில் கை வைத்தால் கல்லாக இறுகுவதும் மெல்லத் தளர்வதும் உனக்கே தெரியும். வலி போன பிறகும் உடம்பைத் தளர்த்தாமல் வைத்திருப்பவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போவார்கள்.

ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "வாயைத் திற, தாடையைத் தொங்கவிடு" என்றேன். இவளுக்கு என்ன பைத்தியமா என்பதுபோல் பார்த்தாள். அடுத்த வலிக்கு வாயைத் திறந்து 'ஊ' என்று நீளமாக மூச்சை விட்டாள். தோள் தானாக இறங்கியது. வலி எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் அது விட்ட நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். நடுவில் குறட்டை விட்டவர்களும் உண்டு, சிரிக்காதே.

பயந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனுக்கு அது ஆகாது. பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மறுபடியும் பயத்தைக் கூட்டுகிறது என்று கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1930களிலேயே சொல்லிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு, பயம் போனால் வலியே இருக்காது என்று பேசுகிறவர்களை மட்டும் நம்பாதே. அப்படி நம்பி வந்து, வலித்ததும் தன்மேல்தான் குறை என்று அழுதவர்களைத் தேற்றியிருக்கிறேன்.

வலி தாங்கவில்லை என்றால் எபிடூரல் கேள், முதுகில் மருந்து செலுத்தி வலியைக் குறைப்பார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த நேரமும் கிடைக்குமா என்று இப்போதே விசாரித்து வை. 1853இல் விக்டோரியா மகாராணியே எட்டாவது பிரசவத்துக்கு வலி தெரியாமலிருக்கக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து எடுத்துக்கொண்டார். சிசேரியன் ஆனாலும் பெற்றவள் நீதான், அதில் குறை சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே.

கடிகாரத்தையும் பார்க்காதே. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் வேகமெடுக்கும் கட்டம் என்றும், முதல் பிரசவத்தில் அதற்குப் பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற பழைய கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. மெதுவாகப் போகிறது என்றாலே ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

"பிரசவம் மறுபிறவி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்ல வருகிறவர்களிடம், பிள்ளை பிறந்த பிறகு கேட்கிறேன் என்று சொல்லிவிடு. ஆனால் ராத்திரி தூக்கமே வரவில்லை, கெட்ட கனவு வருகிறது, நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அது அடக்கி வைக்கிற விஷயம் இல்லை. அதற்கு டோகோஃபோபியா என்று பெயரே இருக்கிறது, கவுன்சிலிங்கும் இருக்கிறது. டாக்டரிடம் வாயைத் திறந்து சொல். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இது வீண் பயமா என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்.

பிரசவ நேரத்தில் தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைதான். உன் ஆஸ்பத்திரியில் விடுவார்களா, எத்தனை பேரை விடுவார்கள் என்று கேட்டுக்கொள். மாப்பிள்ளையா, உன் தோழியா, நானா என்பது உன் இஷ்டம். நான் வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எதுவானாலும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு, டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா