மேடையில் வராத பேச்சு

பாம்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தாயி,

நர்சம்மாவின் ஓய்வு விழாவில் என்ன பேசினாய் என்று போனில் கேட்டாய். ஒன்றும் பேசவில்லை. திடீரென்று பெயரைச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன், அதற்குமேல் வாய் வரவில்லை. இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை, இப்போது மலையில் நர்சாக வேலை பார்க்கிற உனக்காவது எழுதுகிறேன்.

பந்தல், மாலை, சால்வைக்கு மேல் சால்வை என்று விழா நன்றாகத்தான் நடந்தது. பேசினவர்கள் எல்லாம் "தாயுள்ளம்", "தியாகம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தாயுள்ளம் நம் தெருவில் எல்லாருக்கும்தான் இருந்தது. அதை வைத்து ஒரு காய்ச்சலைத் தடுக்க முடிந்ததா? அவர் வேலை தெரிந்தவர், வேலை வாங்கவும் தெரிந்தவர். அதை ஒருவரும் சொல்லவில்லை.

நீ வயிற்றில் இருந்தபோது சத்து மாத்திரையை அட்டையோடு கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்துவிடுவேன். குமட்டும். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று உன் அப்பத்தா வேறு பயமுறுத்தினாள். நர்சம்மா வந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தால், "எப்போ டீ குடிப்பே?" என்றார். இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீக்கும் ஆகாதாம். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாதாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடு, எலுமிச்சம்பழச் சாறு குடி என்றார். அப்புறம் அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். என்ன பேசினாரோ, மறுநாளிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டியது அப்பத்தாதான்.

நாங்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். மாதத்தில் 12 நாள்தான், அதை விட்டால் காசு இல்லை. முன்பு இருந்த நர்ஸ் காலையில் வந்து, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். இவர் வந்த மாதமே, கடல் எப்போது வற்றும், நாங்கள் எப்போது கரையேறுவோம் என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டார். செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு என்று வைத்த கிழமையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, நேரத்தை மாற்றிக்கொண்டார். தடுப்பூசிப் பெட்டியோடு நிழலில் காத்திருப்பார். பெட்டிக்குள் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் சில மருந்து கெட்டுவிடும் என்பதெல்லாம் உனக்குப் பாடம். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்குமே, அதைக் காட்டி, "இது வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா போடலாம். ஒரே நிறமாயிட்டா வேண்டாம்னு சொல்லுங்க, நானே கொண்டுவந்தாலும்" என்றார். சந்தேகப்படுகிற வேலையை எங்களிடமே கொடுத்துவிட்டார். அப்புறம் எப்படிச் சந்தேகம் வரும்?

குடிதண்ணீருக்கு அலைகிற ஊரில் டிரம்மைக் கவிழ்த்துக் கழுவு என்றால் யார் கேட்பார்கள்? அவர் டார்ச் அடித்து உள்ளே நெளிகிற புழுவைக் காட்டினார். மலேரியாக் கொசு சாக்கடையில் வரும் என்றுதான் நினைத்திருந்தோம். நம் கிணற்றிலும் தொட்டியிலும், நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறதாம். கொட்ட வேண்டாம், துணியால் இறுக்கி மூடு என்றார். கிணற்றில் புழுவைத் தின்கிற கம்பூசியா மீனை விடச் செய்தார். "நாம கடல்ல மீனைத் தேடிச் சாகுறோம், இந்தம்மா கிணத்துல விடுது" என்று உன் மாமா கேலி செய்தது உனக்கு நினைவிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு வருகிற 18,000 ரூபாய் அரசு உதவிக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயர் வைத்திருக்கிறார்களே, அவர் புதுக்கோட்டைக்காரர், 1912இலேயே டாக்டருக்குப் படித்து முடித்தவர் என்று விழாவில் டாக்டரம்மா சொன்னார். அந்தப் பணத்துக்காக ஒவ்வொரு பெண்ணையும் பேங்குக்கு அனுப்பி அவளவள் பெயரில் கணக்குத் தொடங்க வைத்தது நர்சம்மா.

பதவி உயர்ந்து பகுதி சுகாதார செவிலியர் ஆன பிறகும் வீடு வீடாகப் போவதை அவர் விடவில்லை. புதிதாக வந்த பெண் ஒருத்தியை ஒரு வீட்டில் கண்டபடி பேசிவிட்டார்கள். கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னதுதான் குற்றம். அழுதுகொண்டு வந்தவளை நர்சம்மா அன்றைக்கே திரும்பக் கூட்டிப்போனார். நான் தண்ணீர்க் குடத்தோடு பார்த்துக்கொண்டு நின்றேன். நர்சம்மா வாயே திறக்கவில்லை. பின்னால் நின்றார், அவ்வளவுதான். அந்தப் பெண்தான் பேசினாள். 108 வந்தது. நீ போனில் "நான் சொன்னா இந்த மலையில யாரும் கேக்க மாட்டேங்குறாங்கம்மா" என்றபோது எனக்கு அந்த வாசல்தான் கண்ணில் நின்றது.

பதிவேட்டிலும் கறார். "விட்டுப்போன பிள்ளையை விட்டுப்போச்சுன்னே எழுது. போட்டதா எழுதிட்டா அந்தப் பிள்ளையை யாரும் தேட மாட்டாங்க" என்று அவர் சின்ன நர்சுகளிடம் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நெத்திலிக் கருவாடும் ஒரு கம்பளியும் பார்சலில் போட்டிருக்கிறேன். கருவாட்டை முதலில் பிரி, கம்பளியில் வாடை ஏறியிருக்கும்.

விழா முடிந்ததும் நர்சம்மா உன் நம்பரை வாங்கிக்கொண்டார். பகலில் நீ வேலையாக இருப்பாய் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், "செவ்வாயும் புதனும் கூப்பிட மாட்டேன்" என்றார்.

இப்படிக்கு,
அம்மா