போயா இரவு போக்கர்: கல்லடி மேசைக்கு வாறவங்க கவனத்துக்கு

304 சீட்டாட்டம் ஆடிப் பழகின கை முதலில் பிழைக்கிறது முறையிலதான். 304இல முறை வலப்பக்கத்து ஆளுக்குப் போகும், போக்கரில இடப்பக்கத்து ஆளுக்கு. முறை வர முன்னம் சீட்டைப் போட்டுட்டா மற்றவங்கட கணக்கே மாறிடும்.

பந்தயத்தை ஏத்துறதெண்டா தொகையை முதல் வாயால சொல்லுங்க. இல்லாட்டி எல்லாச் சிப்ஸையும் (பந்தய வில்லைகள்) ஒரே தரத்தில வையுங்க. "உங்கட 200... அதுக்கு மேல 300" எண்டு இழுத்தா 200 மட்டும்தான் செல்லும். பேசாம ஒற்றை 500 சிப்பை வைச்சாலும் அது கோல்தான் (call), அதாவது மற்றவர் வைச்சதுக்குச் சமனா வைக்கிறது, ஏத்தினதா எடுபடாது. இதிலதான் சண்டை கூட. பொட்டுக்குள்ள (pot, நடுவில சேருற சிப்ஸ் குவியல்) எறியவும் வேணாம், எண்ண ஏலாது.

பெரிய சிப்ஸ் முன்னுக்குத் தெரியணும். 304 மாதிரி இங்க பார்ட்னர் இல்ல, சைகையும் வேணாம்.

காசு இல்ல, சிப்ஸ் மட்டும். பிளேன்டீ பக்கத்து ஸ்டூலில. சீட்டு நனைஞ்சா அடையாளம் விழும், கட்டையே மாத்தணும்.