ஃபிளேவனாய்டு: விளம்பரமும் ஆய்வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாவரங்களில் இயற்கையாக உள்ள ஃபிளேவனாய்டு என்னும் வேதிப்பொருள்கள் அடங்கிய மாத்திரைகள் மாரடைப்பைத் தடுக்கும் என்ற விளம்பரங்கள் பெருகிவரும் நிலையில், ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை மக்களிடம் கொண்டுசேர்ப்பது நாளிதழ்களின் கடமை எனக் கருதுகிறேன். நெதர்லாந்தின் சுட்ஃபன் நகரில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களைப் பின்தொடர்ந்து 1993-இல் வெளியான ஆய்வில், ஃபிளேவனாய்டுகளை அதிகம் உட்கொண்டவர்களிடையே இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. அவர்களுக்கு அவை பெரும்பாலும் தேநீர், வெங்காயம், ஆப்பிள் ஆகியவற்றிலிருந்தே கிடைத்தன. இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிறுவாது. அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் கோகோவிலுள்ள ஃபிளேவனால் என்ற ஃபிளேவனாய்டு வகை அடங்கிய மாத்திரையை, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. அதில் மொத்த இதய, ரத்தநாள பாதிப்புகள் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. அவற்றால் நேரும் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. நம்பிக்கையூட்டும் செய்திதான், ஆயினும் முதன்மை இலக்காக வைக்கப்படாத ஒரு முடிவை, மறு ஆய்வில் உறுதிப்படும் முன்பே விற்பனை வாசகமாக்குவது முறையல்ல.

வெங்காயத்திலுள்ள குவெர்செடின் என்ற ஃபிளேவனாய்டு வெளியடுக்குகளில்தான் செறிந்திருக்கிறது. சின்ன வெங்காயம் உரிக்கும்போது காய்ந்த தோலோடு சதைப்பற்றுள்ள முதல் அடுக்கையும் சேர்த்தே வீசிவிடுகிறோம். இதுபோன்ற சமையலறைத் தகவல்களையும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இம்மாத்திரைகளைத் தொடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திண்டுக்கல்